மோர்ச்சோற்று நேரம்

என் பிரியமான அப்பா,

உங்கள் படத்திறப்பு முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நீங்கள் விரும்பியபடியே ஐயர் இல்லை, எள் இல்லை, பிண்டம் இல்லை. வாசலில் கொட்டகை போட்டு, கட்சிக்காரர்கள் வந்து, படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். படத்தில் நீங்கள் ஏதோ சொல்ல வாய் திறக்கிற மாதிரி இருக்கிறீர்கள்.

நினைவு மலர் ஒன்று போடப் போகிறார்களாம். "நீதான் பி.ஏ. படிச்சவ. அப்பாவுக்கு ஒரு கடுதாசி மாதிரி எழுதிக் குடு. படிக்கிறவங்க அழுவணும்" என்றான் அண்ணன். எனக்கே அழுகை வரவில்லை அப்பா. அலுப்பாக இருக்கிறது. உடம்பு அலுப்பு இல்லை. ஒரே பேச்சைக் கேட்டுக் கேட்டு வருகிற அலுப்பு. உங்கள் எதிரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் நான். எழுதும்போது மட்டும் கொஞ்சம் வாய் வருகிறது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். சம்பா நடவு தாமதமாகத்தான் முடிந்தது. கூலித் தகராறும் தீர்ந்துவிட்டது. வயல் ஆட்களின் சங்கம் கேட்டதில் பாதிக்குச் சித்தப்பா ஒத்துக்கொண்டார். அண்ணி பிரசவத்துக்குக் குத்தாலம் போனவர் இன்னும் திரும்பவில்லை. கயல் நம்மோடுதான் இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு. உங்கள் பேத்தி உங்களைப் போலவே பேசுகிறாள், எல்லாரையும் போலப் பேசிக் காட்டுகிறாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நம் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கிரகாரத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டு மெட்ராஸ் போனபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். அந்த வீட்டின் வக்கீல் மகன் எழுதப் படிக்க வைத்திருந்த தேக்கு மேசையை நீங்கள் எடுத்து வண்டியில் ஏற்றி வந்தீர்கள். சின்ன வயதில் அந்த வீட்டுக் கொல்லையில் குத்தகை நெல்லோடு உங்கள் அப்பாவுடன் நின்றவர் நீங்கள். உள்ளே சாப்பாடு முடிகிறவரை வெயிலில் நிற்க வைத்தார்கள் என்பீர்கள். அந்தக் கோபத்தில்தான் கட்சிக்குப் போனீர்கள். அந்தக் கோபத்தில்தான் என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பிப் படிக்க வைத்தீர்கள்.

மேசை வந்த அன்று சித்தப்பா சிரித்தார். "ஏண்ணே, மேசையில சோறா? நம்ம வூடு கலெக்டர் வூடு ஆயிடுச்சா?"

"கலெக்டர் வூட்லயும் பொம்பளைங்க கடைசியிலதான்டா திங்கிறாங்க. இங்க எல்லாரும் ஒண்ணா உக்காரணும்" என்றீர்கள். அம்மாவுக்கு நாற்காலியில் உட்காரவே வெட்கம். ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டு, ஓரத்தில், யாரோ விரட்டப் போகிற மாதிரி உட்கார்ந்தார். அவருக்காகத்தான் அந்தச் சட்டம் போட்டீர்கள்: கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. எழுந்தால் அம்மா வழக்கம்போல் தனியாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. நம் தெருவில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

"நீ சொல்லும்மா, இன்னைக்கு என்ன படிச்ச?" என்று தினமும் என்னிடம் கேட்பீர்கள். நான் இரண்டு வார்த்தை சொல்வேன். அந்த இரண்டு வார்த்தைக்குக் காத்திருந்து தலையாட்டுவீர்கள். அதற்கப்புறம் பேச்சு வயலுக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் போகும்.

"வெள்ளை நல்லா தின்னுது. மயிலைதான் வைக்கோல மோந்து பாத்துட்டு நிக்கிது. பக்கிரிக்கு ரெண்டு நாளா ஜுரமாம், பொய்யோ நெசமோ. அவன் மருமவ குட்டி போட்டிருக்கா." இப்படி ஒரே மூச்சில் சொல்வீர்கள். சித்தப்பா, "எத்தன குட்டி?" என்பார். அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறும். அம்மா அவன் தலையில் தட்டுவார். நானும் சிரித்திருப்பேன். எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருக்க முடியுமா?

நம் வயலில் வேலை செய்யும் பக்கிரியின் மனைவி காத்தாயியின் குரலுக்கு நீங்கள் ஒரு பெயரே வைத்திருந்தீர்கள். நடவு வயலில் அவள் யாரையாவது கூப்பிட்டால் நம் கொல்லைவரை கேட்கும். "கச்சேரி ஆரம்பிச்சிடுச்சு" என்பீர்கள். கூலி கேட்டு வந்தாலும் கச்சேரி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வந்தாலும் கச்சேரி. அவளுடைய தம்பி பாம்பு கடித்துச் செத்த அன்றும், அவள் ஒப்பாரி வாய்க்காலைத் தாண்டிக் கேட்டபோது, "இன்னைக்குப் பெரிய வித்துவான் கச்சேரி" என்றார் சித்தப்பா. நீங்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஆனால் அவரை ஒன்றும் சொல்லவுமில்லை.

கல்லூரி விடுமுறையில் என் தோழி செண்பகம் வந்தாளே, நினைவிருக்கிறதா? நாகூர்ப் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பம். மீன் ருசி தெரிந்தவளாயிற்றே என்று அம்மா அன்று மீன் வைக்கவே பயந்தார். இரண்டு வேளை நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். திரும்பப் போகும்போது பஸ்ஸில் கேட்டாள். "ஒங்க அப்பா தங்கமான மனுசன்டி. எனக்கும் சேத்து நாற்காலி போட்டாரு. ஆனா ஒண்ணு. சாப்புடுறப்போ ஏதோ ஒண்ணப் பத்தி அவ்ளோ சிரிச்சீங்களே, அது மாடா, ஆளா? எனக்குக் கடைசிவரைக்கும் புரியல."

அவள் குத்திக் காட்டவில்லை அப்பா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நம் மேசையில் எனக்குக் காது வேறு மாதிரி ஆகிவிட்டது. உங்களிடம் கேட்க நினைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "வெளையாட்டுக்குப் பேசுறதும்மா" என்றிருப்பீர்கள். பக்கிரியின் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து மருந்து வரவழைத்தவர் நீங்கள்தான். மேடையில் ஏறினால் மனிதனுக்கு மனிதன் தாழ்வில்லை என்று தொண்டை கட்டப் பேசுவீர்கள். அதுவும் பொய்யில்லை. மேடைக்கும் மேசைக்கும் நடுவில் எங்கேயோ அது உதிர்ந்துவிடும். எங்கே என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது அந்த மத்தியானத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாத பாதி அது.

பக்கிரி முன்னின்ற சங்கம் வேலை நிறுத்தம் சொல்லி, நாற்று முற்றிக்கொண்டிருந்த சமயம். "மடையப் பாத்துட்டு வரேன், நேரமாவும், நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாங்கள் உட்கார்ந்தோம். குழம்பு முடிந்து ரசத்துக்கு வந்தபோது கொல்லைப் பக்கம் குரல் கேட்டது. காத்தாயி. ஓடி வந்த மூச்சில், "ஐயா... ஐயா... ஓடியாங்களேன்..."

சித்தப்பா காதைச் சாய்த்தார். "பார்றா. ஆண்டேன்னு கூப்புட்ட வாயி ஐயான்னு கூப்புடுது. சங்கம் சொல்லிக் குடுத்திருக்கு."

அண்ணன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, உங்களை மாதிரியே கையை விரித்து, உங்கள் குரலிலேயே, "கச்சேரி ஆரம்பிச்சிடுச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவு அச்சாக இருந்தது. கயல் நாற்காலியில் எழுந்து நின்று சிரித்தாள்.

குரல் மறுபடி கேட்டது. "அண்ணே, என்னமோ அவசரம் போலருக்கு" என்றேன். "அதுங்களுக்கு எப்ப அவசரம் இல்ல? கொடிக் கம்பத்த யாராவது சாச்சிருப்பாங்க. நீ மோர ஊத்திக்க" என்றான். நான் ஊற்றிக்கொண்டேன். அம்மா இன்னும் ரசத்திலேயே இருந்தார். அவர் முடிக்காமல் யாரும் எழ மாட்டோம் அல்லவா?

மோர்ச்சோறு முடிகிற நேரத்தில் காத்தாயி உள்ளே வந்தாள். இத்தனை வருஷத்தில் கொல்லைப் படி தாண்டாதவள், முழங்கால்வரை சேற்றோடு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சித்தப்பா கத்தினார். "யாரக் கேட்டு உள்ள வந்தே நீ?"

"பெரியய்யா விழுந்துட்டாரு. வண்டி கட்டுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வண்டி கட்டிக்கொண்டு போனபோது மதகுப் பக்கம் பக்கிரி எதிரே வந்துகொண்டிருந்தார். உங்களைத் தோளில் போட்டிருந்தார். வரப்பில் வழுக்கி வழுக்கி, வாய்க்காலில் இறங்கி, நடவு நடாத வயலில் புதைந்து, அத்தனை தூரம். காற்று வரட்டும் என்று உங்கள் சட்டையைப் பொத்தான் தெறிக்கப் பிரித்திருந்தார். தூக்குவதற்கு முன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். அவர் சுமந்து வந்ததை அண்ணன் கண்ணால் பார்த்தான். நானும் பார்த்தேன். ரோட்டுக்கு வண்டி ஏறுவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள்.

அந்த மோர்ச்சோற்று நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? யாருக்குத் தெரியும். தெரியவே தெரியாது என்பதுதான் அண்ணனைத் தின்கிறது என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்ததும் அந்த மேசையில்தான். முதலில் சித்தப்பா, "அவ கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். வருத்தத்தில் சொன்னதுதான். யாரும் மறுக்கவில்லை. இன்னொரு நாள், குழம்பு ஊற்றும்போது, "வந்தவ என்னத்துக்குக் கொல்லையிலயே நின்னா? நேரா உள்ள வரவேண்டியதுதான?" என்றான் அண்ணன். உள்ளே வந்தவளை என்ன கேட்டார்கள் என்று அதற்குள் எல்லாருக்கும் மறந்துவிட்டது. அப்புறம், "சங்கத்துக்காரன் ஏன் அப்பா பக்கத்துல போனான்?" அப்புறம், "நெஞ்சில கைய வெச்சானாம்ல." அப்புறம் கிழிந்த சட்டை. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுப் பேசவில்லை அப்பா. "கூட்டு போடட்டுமா?" என்கிற மாதிரிதான் பேசினார்கள். ஒருவர் ஒரு கை அள்ளிப் போட்டார், அடுத்தவர் இன்னொரு கை. கை கழுவும்போது பக்கிரி உங்கள் நெஞ்சில் குத்தியிருந்தார்.

எத்தனையோ வருஷமாக மாட்டோடு சேர்த்துப் பேசிய ஆளைக் கொலைகாரன் ஆக்குவதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

உங்களை எரித்த பிறகுதான் புகார் கொடுத்தார்கள். பக்கிரியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டருக்கும் நம் மேசையில்தான் சாப்பாடு. சித்தப்பா மீனைத் திருப்பிப் போட்டு, "நடுத்துண்டு எடுத்துக்குங்க சார்" என்றார். படத்திறப்பில் அண்ணன் மைக்கைப் பிடித்து, "என் தந்தையை அடித்துக் கொன்றார்கள்" என்றபோது கைதட்டினார்கள். கூலி பாதியில் நின்றதும் அதனால்தான். பக்கிரி இல்லாமல் சங்கத்தில் பேச ஆளில்லை.

போன செவ்வாய்க்கிழமை அண்ணன் என்னிடம் வந்தான். வீட்டிலிருந்து ஒருத்தர் வாக்குமூலம் வேண்டுமாம். படித்த பெண் சொன்னால் எடுபடுமாம்.

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம், செல்வி. பக்கிரி அடிச்சத பாத்தேன்னு சொல்லச் சொல்லல. அவ உள்ள வர்றவரைக்கும் எங்களுக்கு எதுவும் கேக்கலன்னு சொல்லு. அது போதும்."

"கேட்டுச்சே அண்ணே."

"கேட்டுச்சுன்னு சொன்னா அப்புறம் நான் என்ன ஆவுறது?" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை அப்பா. உங்களை நினைத்து மாட்டுக் கொட்டகையில் தனியாக நின்று அழுகிறான். பக்கிரி உங்களைக் கொன்றார் என்றால் அவனுக்குச் சோறு இறங்குகிறது. அதற்காக இன்னொரு மனிதன் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டும் என்பது அவன் கணக்கில் வரவே இல்லை. வருவதற்கு அவனை யார் பழக்கினார்கள்? நாம் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லையே.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில்தான் கயல் அதைச் செய்தாள். தட்டில் நெத்திலியை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தவள், திடீரென்று கொல்லைப் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, "ஐயா... ஐயா... ஓடியாங்களேன்..." என்றாள். அச்சு அசல் காத்தாயி. சித்தப்பா சிரித்துவிட்டார். பழக்கதோஷம். பிறகு அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் தட்டைத் தள்ளினான்.

அம்மாதான் பேசினார். "அது ஒந் தாத்தாவுக்காகக் கத்துனது கண்ணு. அத வெச்சு வெளையாடக் கூடாது."

கயலுக்குப் புரியவில்லை. "அதுக்குத்தான நீங்கல்லாம் சிரிச்சீங்க?" என்றாள்.

அப்புறம் பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம், "நீங்களே சொல்லிட்டீங்க, அதையே ஸ்டேஷன்ல சொன்னா என்ன?" என்று கேட்டேன். அம்மா கரியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஆம்பளைங்க சமாச்சாரம். ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆவணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரசத்த நான் சீக்கிரம் சாப்புட்டிருக்கலாம்" என்றார். நான் அவர் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

நேற்று பஸ் நிற்கும் இடத்தில் காத்தாயியைப் பார்த்தேன். பக்கிரிக்குச் சோறு கொண்டுபோக, தூக்குச்சட்டியோடு கீழ்வேளூர் பஸ்ஸுக்கு நின்றாள். நான் பேச வாயெடுப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"என்ன பாப்பா, ஸ்டேஷனுக்கா? சாட்சி சொல்ல ஒன்னத்தான் கூப்புட்டிருக்காங்கன்னு ஊரே பேசுது."

"இன்னும் போவல."

"நீயும் அங்கதான ஒக்காந்திருந்த? மோரு நல்லாருந்துச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"ஒங்கப்பா நல்ல கனம் தாயி. எங்காளுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. உள்ள குத்த வெச்சு ஒக்கார முடியலயாம், படுத்தா எழ முடியலயாம். அன்னைக்கே சொன்னேன், அங்கயே போட்டுட்டு வாய்யா, அவங்க வூட்டு ஆளுங்க வரட்டும்னு. கேக்கல. மனுசன எப்புடிப் போட்டுட்டு வர்றதுன்னு கேட்டாரு அந்தக் கேனை. இப்பக் கெடக்காரு."

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "நீ சொல்லு, சொல்லாத, நாங்க கெஞ்ச மாட்டோம்" என்றாள். போய்விட்டாள்.

அப்பா, இந்தக் கடிதத்தை எப்படிப் பார்த்தாலும் உங்கள் மேல் பழி போடுகிற மாதிரி இருக்கிறது. அது என் எண்ணம் இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன், எழுத்தே தெரிந்திருக்காது. உங்களைத் தோளில் சுமந்த மனிதரைப் பற்றி நீங்கள் இப்போது என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்க ஆசையாக இருக்கிறது. கடைசி நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தீர்களா? ஏதாவது சொன்னீர்களா? அவரிடம் கேட்டால் சொல்வார். அவரிடம் இதுவரை யாருமே கேட்கவில்லை.

அண்ணனிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன். ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடியே சொல்லப் போகிறேன் என்றேன். "போனீன்னா இந்த வூட்டுக்குத் திரும்பி வராத" என்றான். கத்தவில்லை. களைப்பாகத்தான் சொன்னான். சித்தப்பா நாலு நாளைக்கு முன்னால் கொண்டுவந்த மாப்பிள்ளை ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். ஜாதகம் பார்ப்பதை நீங்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள், அந்த மட்டில் நல்லதுதான். தங்க இடம் கேட்டுச் செண்பகத்துக்கு முன்பே எழுதியிருந்தேன். அவள் அம்மா, "வரச் சொல்லு, படுக்கப் பாயி இருக்கு" என்றாராம்.

நாளைக் காலை முதல் பஸ். ஸ்டேஷனில் போய் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நிறையப் பேச எனக்கு வராது. நாலு வாக்கியம் போதும். எங்களுக்குக் கேட்டது. கேட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் அப்பாவை யாரும் அடிக்கவில்லை. அவரைத் தூக்கி வந்தவர் திரு. பக்கிரிசாமி.

இதில் ஒரு வார்த்தைகூடக் குறைக்க மாட்டேன் அப்பா. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்போடும் களைப்போடும்,
உங்கள் மகள்
தமிழ்ச்செல்வி